குதிக்கச் சொல்லித்தர ஆள் எங்கே?

“குதிக்காதே! விழுந்து தொலைக்கப் போகிறாய்!”

வீட்டுக்கு வீடு கேட்கும் குரல் இது. அம்மா சொல்வாள். பாட்டி அதற்கு மேல் ஓர் அதட்டுப் போடுவாள்.

ஆனால் குதிப்பது வெறும் குறும்பு அல்ல. நடப்பதைப் போல, ஓடுவதைப் போல, அதுவும் பிள்ளைகள் பழக வேண்டிய வித்தை.

இரண்டு வயது வாக்கில் குழந்தை இரண்டு காலையும் சேர்த்துத் தரையை விட்டு எழும்புகிறது. நான்கு வயதில் நொண்டி அடிக்கப் பார்க்கிறது. வயது வந்தால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. குதிக்க வரும், சரியாகக் குதிக்க வராது.

பூனை போல இறங்கு!

முதலில் சொல்லித்தர வேண்டியது எழும்புவதை அல்ல, இறங்குவதை!

காலை விறைப்பாக நீட்டி ‘தடால்’ என்று இறங்கினால், அந்த அதிர்ச்சி முழங்காலையும் முதுகையும் தாக்கும். முழங்காலை மடக்கி, சத்தம் வராமல் இறங்க வேண்டும். “பூனை போல இறங்கு” என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

அடுத்தது கை. இரு கைகளையும் பின்னால் கொண்டுபோய் வேகமாக முன்னே வீசினால் உடம்பு தானே எழும்பும்.

மண் தரையில் குச்சியால் இரண்டு கோடு கிழித்தால் போதும். அதுதான் ஆறு! இன்று ஒரு சாண் அகலம். அடுத்த வாரம் இரண்டு சாண். காலணா செலவில்லை.

எலும்புக்கு உரம்

அமெரிக்காவில் 89 சிறுவர் சிறுமியரை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சி 2001-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் 61 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து வாரம் 3 நாள், நாளுக்கு 100 தடவை குதித்தார்கள். 7 மாதம் கழித்து அளந்தார்கள். குதிக்காத பிள்ளைகளைவிட இவர்களுடைய இடுப்பெலும்பும் முதுகெலும்பும் அதிகம் உரம் பெற்றிருந்தன. (அது கண்காணிப்பில் நடந்த பயிற்சி. வீட்டு மேஜையில் ஏற்றிவிட வேண்டாம்!)

5 முதல் 17 வயது வரை தினம் சராசரி 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும், வாரம் 3 நாளாவது எலும்புக்கு உரமூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது.

சட்டம் சொல்வது என்ன?

இங்கேதான் சிக்கல்.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது. விளையாட்டுச் சாமான்களும் வேண்டும் என்கிறது. உடற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநரையும் குறிப்பிடுகிறது. யாருக்கு? 6 முதல் 8-ம் வகுப்பு வரை. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்!

1 முதல் 5-ம் வகுப்புக்கு அப்படி ஒருவரை அந்தச் சட்டம் கேட்கவில்லை. குதித்துப் பழகும் வயதே அதுதான். அந்தப் பாரமும் வகுப்பு ஆசிரியர் தலையில் விழுகிறது. பாவம், அவர் கணக்கைப் பார்ப்பாரா, கோடு கிழிப்பாரா?

முன்பு இந்த வேலையைத் தெரு செய்தது. பாண்டியும் பச்சைக் குதிரையும் அக்காள் தங்கைக்குச் சொல்லித்தந்தவை. இன்று பல தெருக்களில் வண்டி நிற்கிறது.

தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின், 2023-ல் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தார். எல்லோரும் அவ்வளவு தூரம் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த இரண்டு சாண் ஆறு வேண்டும். அதைக் கிழித்துக் காட்ட, ஆசிரியர் பயிற்சியிலேயே சில நாட்கள் ஒதுக்கலாம். காலைக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில் பத்துக் கோடு இருந்தால், பிள்ளைகள் தாண்டிக்கொண்டே போவார்கள்.