ஊதுறவன் வாயும் உசந்த சங்கீதமும்

ஹார்ன்னு சொன்னா நம்மாளுங்களுக்கு ரெண்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு, திருச்செந்தூர் போற தனியார் பஸ். இன்னொண்ணு, தூத்துக்குடி துறைமுகத்துல கப்பல் விடுற சத்தம். நான் சொல்ல வந்தது மூணாவது. பித்தளைக் குழாயை ஜாங்கிரி மாதிரி சுத்தி வெச்சு, வாயால ஊதுற ஃபிரெஞ்ச் ஹார்ன். கூட ஒரு பியானோ. 19-ம் நூற்றாண்டுல ஐரோப்பாக்காரங்க இந்த ரெண்டுக்கும் எழுதின சில உருப்படிகளைத்தான் ஒரு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். பகல்ல பொட்டி தட்டுறது, ராத்திரி ஹெட்போன். இதான் பொழப்பு.

போன தடவை ஊருக்குப் போனப்ப, டீக்கடையில ஸ்கூல் நண்பன் காதுல ஷூமானை மாட்டி விட்டேன். ஒரு நிமிஷம் கேட்டுட்டு கழட்டிட்டான். "ஏலே, சம்பளம் கூடிட்டுன்னா இப்படித்தாம்ல ஆயிருதிய. பணக்காரன் பாட்டுல்லா இது. நமக்கு எதுக்குல?"

சிரிச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் ஒரு கல்யாண ஊர்வலம். முன்னாடி பேண்டு செட். அதுல யூஃபோனியம் ஊதுறவர் எங்க தெரு அண்ணாச்சி. சின்ன வயசுல பனிமய மாதா திருவிழான்னா அவர் வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடியிருக்கேன். மண்டபம் வந்ததும் டிஜே ரெடின்னு எவனோ சொல்ல, பாட்டு பாதியில இருக்கும்போதே "பேண்டுக்காரனை நிறுத்தச் சொல்லுங்கப்பா"ன்னு ஒரு குரல். நிறுத்திட்டாங்க. நான் முதல் பந்தியில பிரியாணி சாப்பிட்டு கை கழுவ வந்தப்ப, அண்ணாச்சி இன்னும் வாசல்ல வாத்தியத்தோட நின்னுக்கிட்டு இருந்தார். நான் ஒண்ணும் கேக்கலை. கேட்டிருக்கணும். அந்த எரிச்சல்லதான் இந்தப் பதிவு.

மக்களே, "அது பணக்காரன் பாட்டு"ங்கிறதும், "பேண்டுக்காரனை நிறுத்து"ங்கிறதும் ஒரே புத்திதான். உசந்த சங்கீதம்னா எங்கயோ ஏசி ஹால்ல கோட்டுப் போட்டவன் வாசிக்கிறது, தெருவுல கூலிக்கு ஊதினா அது வெறும் சத்தம். இந்த நினைப்பு எவ்வளவு பெரிய பொய்யின்னு தெரிஞ்சுக்கணும்னா, ஹார்ன் ஊதினவங்க கதையைப் பாருங்க.

ஹார்னுக்கும் பியானோவுக்கும் பீத்தோவன் எழுதின சொனாட்டா, ஓபஸ் 17. ரொமான்டிக் காலத்துக்கு வாசப்படின்னு வெச்சுக்கலாம். 1800 ஏப்ரல் 18-ம் தேதி வியன்னாவுல முதல்முறையா வாசிச்சாங்க. பியானோவுல பீத்தோவன், ஹார்ன்ல ஜொவான்னி புன்டோ. இந்த புன்டோ யாரு? நிஜப் பேரு யான் வாட்ஸ்லாவ் ஷ்டிக். பொஹீமியாவுல ஒரு பிரபுவோட பண்ணையடிமைக் குடும்பத்துல 1746-ல பிறந்தவர். பிரபுதான் ஹார்ன் படிக்க அனுப்பினார். படிச்சு வந்து கொஞ்ச நாள் ஊழியம் பார்த்துட்டு, ஒருநாள் எல்லை தாண்டி ஓடிட்டார். பிடிச்சுட்டு வாங்க, முடியலைன்னா முன்பல்லையாவது உடைச்சுடுங்கன்னு பிரபு ஆள் அனுப்பினதா அவர் வரலாற்றுல சொல்றாங்க. பல்லு போனா ஹார்ன் ஊத முடியாதுல்ல! தப்பிச்சு, பேரை இத்தாலியப் பேரா மாத்திக்கிட்டு, ஐரோப்பா முழுக்க வாசிச்சார். இதுவாய்யா பணக்காரன் பாட்டு?

அடுத்து பிராம்ஸ். ஹார்ன், வயலின், பியானோ மூணுக்குமா 1865-ல ஒரு ட்ரையோ எழுதினார், ஓபஸ் 40. அந்த வருஷம் பிப்ரவரியிலதான் அவங்க அம்மா செத்துப்போனாங்க. மூணாவது பகுதியைக் கேட்டா யாரும் சொல்லாமலே புரியும். அவர் சின்ன வயசுல படிச்ச வாத்தியங்கள்ல ஹார்னும் ஒண்ணு. அப்பா? ஹாம்பர்க்ல ஹார்னும் டபுள் பாஸும் வாசிச்சுப் பிழைச்சவர். டான்ஸ் நடக்குற இடம், ஊர்க்காவல் படை பேண்டுன்னு காசு கிடைக்கிற இடமெல்லாம் வாசிச்சிருக்கார். நம்ம அண்ணாச்சி மாதிரியே ஒரு துறைமுகத்து பேண்டுக்காரர். அவ்வளவுதான் வித்தியாசம், அவர் பையன் பிராம்ஸ். :-)

சரி, இதெல்லாம் அவங்க ஊர்க் கதை, நம்ம கடலோரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? சங்கு இருக்குல்ல!

முத்துக்குளிப்பு நம்ம பக்கம் 1961-ஓட நின்னுபோச்சு. சங்கு குளிக்கிறது அதுக்கப்புறமும் தொடர்ந்துச்சு. மன்னார் வளைகுடா சங்கு வங்காளத்துக்குப் போய் வளையல் ஆச்சு. அந்தச் சங்கைப் பத்தி 1914-ல ஆங்கிலத்துல புத்தகமே போட்ட அதிகாரி பேரு ஜேம்ஸ் ஹார்னெல். (பேரைப் பாருங்க. நான் வெச்சதில்லை சாமி.) சங்கு முனையை வெட்டிட்டு உதட்டை அதிர வெச்சு ஊதினா, உள்ள போகப்போக விரியுற சுருள் குழாய்ல காத்து அதிருது. ஹார்னும் அதே தத்துவம்தான். சங்கு குட்டைங்கிறதால ஒண்ணு ரெண்டு சுரத்தோட சரி. எஃப் ஹார்னைப் பிரிச்சு நீட்டினா கிட்டத்தட்ட 12 அடி. குழாய் நீள நீள, உதட்டை இறுக்கித் தளர்த்தியே நிறைய சுரம் எடுக்கலாம். நடுவுல விட்டுப்போன சுரத்துக்கு வாய்க்குள்ள கையை விட்டு அடைப்பாங்க. புன்டோ காலத்து வித்தை அதான்.

1818 வாக்குல வால்வு வந்துச்சு. விரலை அழுத்தினா காத்து கூடுதல் குழாய்க்குள்ள சுத்திட்டு வரும். நம்ம பாஷையில சொன்னா குழாய்க்கு ஒரு இஃப்-எல்ஸ். எல்லா சுரமும் கைக்கு வந்துடுச்சு. 1849-ல ஷூமான் இந்த வால்வு ஹார்னை நம்பித்தான் 'அடாஜியோவும் அலெக்ரோவும்' எழுதினார், ஓபஸ் 70. முதல் பாதியில ஹார்னும் பியானோவும் மாத்தி மாத்தி ஒரே பேச்சை இழுத்துக்கிட்டே போகும். பியானோவுல அடிச்ச சுரம் அடிச்ச உடனே கரைய ஆரம்பிச்சுடும், ஹார்ன் அதை மூச்சால தாங்கிப் பிடிக்கும். ரெண்டாவது பாதி ஒரே பாய்ச்சல். ஊதுறவனுக்கு ஓய்வே கிடையாது.

"நாதஸ்வரம் இருக்க இதெதுக்கு?"ன்னு ஒருத்தர் வருவார். ஐயா, நாதஸ்வரக்காரரை நிக்க வெச்சே வாசிக்கச் சொன்ன ஊர் இது. உட்கார்ந்துதான் வாசிப்பேன்னு ராஜரத்தினம் பிள்ளை சண்டை போட வேண்டியிருந்துச்சு. ஊதுறவனை மதிக்கத் தெரியாதவன் எந்தக் குழலையும் மதிக்க மாட்டான். அதே மாதிரி, தூத்துக்குடி மக்ரூனைத் தின்னும்போது எவனும் இது எந்த நாட்டுப் பலகாரம்னு கேக்குறதில்லை. முந்திரியைப் போட்டு நம்மதாக்கிட்டோம். காதுக்கு மட்டும் என்ன தனி பாஸ்போர்ட்?

நம்ம பதிவர்கள்கிட்டயும் ஒரு வார்த்தை. மேற்கத்திய இசைன்னா ராஜா எந்தப் பாட்டுல பாக்கைத் தொட்டார்ங்கிறதோட கடையைச் சாத்திடுறோம். கொஞ்சம் தாண்டி வாங்க. நோட்ஸ் காப்புரிமை தீர்ந்து இலவசமாவே கிடைக்குது. சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிற பையனும் பேண்டுல ஊதுற பையனும் ஒரே தெருவுலதான் இருக்காங்க. ஷூமானோட இந்த உருப்படியை யூஃபோனியத்துலயும் வாசிக்கிறாங்க. ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல உட்கார வெச்சு, நோட்ஸைக் கையில குடுக்க எவ்வளவு செலவாயிடும்? ஒரு டிஜே பாக்ஸ் வாடகை கூட ஆகாது. அதுக்கும் முன்னாடி, பாட்டு பாதியில இருக்கும்போது நிறுத்தாதீங்க. வாசிச்சவரைப் பந்தியில உட்கார வைங்க.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கு மன்னிப்பு கேட்டேன். "அட விடு தம்பி, பழகிட்டு"ன்னார். அந்தப் 'பழகிட்டு'தான் இன்னும் உறுத்துது. அப்புறம் அதே ஷூமானை அவர் காதுல மாட்டினேன். கண்ணை மூடி முழுசும் கேட்டார். விரல் மூணும் தொடையில வால்வு அழுத்திக்கிட்டே இருந்துச்சு. முடிஞ்சதும் கேட்ட முதல் கேள்வி:

"தம்பி, இவன் மூச்சை எங்கன வச்சு விடுதான்?"

உலகத்துல இதை வாசிக்கிற ஒவ்வொரு ஹார்ன்காரனுக்கும் உள்ள தலைவலி அதேதான்!

ஊதுற சங்கை ஊதியாச்சு. விடியும்போது விடியட்டும்.

டிஸ்கி: அந்தக் கல்யாண வீட்டுக்காரங்க யாருன்னு தனி மடல்ல கேக்காதீங்க. முதல் பந்தியில உட்கார்ந்த நானும் அதே கட்சிதான்.