எரித்தவன் பெயரை எழுதியவர்கள்

அயர்லாந்தின் நடுப்பகுதியில், ஷனன் ஆற்றங்கரையில், குளோன்மக்னாய்ஸ் என்றோர் இடம் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கியரான் என்னும் துறவி அமைத்த மடம் அது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் மாணவர் வந்து கற்ற இடம். இன்று கூரையிழந்த சுவர்களும், இரண்டு வட்டக் கோபுரங்களும், நூற்றுக்கணக்கான கல்லறைக் கற்களும் மட்டுமே எஞ்சியுள்ளன. 909இல் கட்டப்பட்ட பெரிய தேவாலயத்தினுள் நின்று நிமிர்ந்து பார்த்தால் வானந்தான் தெரிகிறது. டப்ளினிலிருந்து என்னைக் காரில் அழைத்து வந்த தமிழ் நண்பர் பெருமூச்செறிந்தார். "எல்லாம் வைக்கிங்குகள் செய்த வேலை" என்றார்.

இந்த ஒற்றை வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு. நண்பர் மட்டுமா சொல்கிறார்? இத்தகைய இடங்களைப் பார்த்து வருவோர் எழுதும் பயணக் கட்டுரைகள் பலவும் இதையே சொல்கின்றன. கடலுக்கு அப்பாலிருந்து காட்டுமிராண்டிகள் வந்தார்கள். அமைதியாகச் செபித்துக் கொண்டிருந்தவர்களை அழித்தார்கள். கேட்க எளிதான கதை. ஆனால் அந்த மண்ணின் ஏடுகள் வேறு கதை சொல்கின்றன.

ஐரிஷ் மடங்களில் ஆண்டுதோறும் எழுதப்பட்டு, பின்வந்தோரால் படியெடுத்துத் தொகுக்கப்பட்ட குறிப்பேடுகள் இன்றும் கிடைக்கின்றன. வைக்கிங்குகள் அயர்லாந்தின் கரையைத் தொடுவதற்கு 30 ஆண்டுகள் முன்பே, 764இல், குளோன்மக்னாய்ஸ் மடத்தவரும் டரோ மடத்தவரும் ஒருவரோடொருவர் போரிட்டனர். டரோவின் பக்கத்தில் 200 பேர் மாண்டனர். 833இல் மன்ஸ்டரின் அரசன் ஃபெய்லிமித் இந்த மடத்தவரைக் கொன்று, தேவாலய வாசல் வரை எரித்தான். அவன் அந்நியனல்லன், ஐரிஷ்காரன், கிறிஸ்தவன். அவன் இறந்தபோது அவனை எழுத்தறிஞன் என்றும் துறவி என்றும் போற்றியிருப்பதும் இதே குறிப்பேடுகள்தாம்!

வைக்கிங்குகளை நான் விடுவிக்க வரவில்லை. 845இல் அவர்களும் இங்கே தீ வைத்தார்கள். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் இம்மடத்தைத் தாக்கியவர்களுள் அயர்லாந்தின் சிற்றரசர்களே மிகுதி. இறுதி அடி 1552இல் விழுந்தது. அத்லோனில் நிலைகொண்டிருந்த ஆங்கிலப் படையினர் மணிகளையும், நூல்களையும், சாளரங்களின் கண்ணாடியையுங்கூட விட்டுவைக்காமல் வாரிச் சென்றனர். பெரிய கோபுரத்தின் உச்சியை 1135இல் இடித்தது மட்டும் மின்னல். அதற்கு நாம் எவரையும் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் இவற்றைச் சொன்னபோது நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படிச் சொன்னால் ஆக்கிரமித்தவனுக்குத்தானே வசதி? 'அவர்களே எரித்துக் கொண்டார்கள்' என்று அவன் கைகழுவி விடுவானே?" என்றார்.

நியாயமான அச்சம். தோற்றவர்களின் வரலாற்றைப் பேசும் எவருக்கும் இந்த அச்சம் உண்டு. ஆயினும் என் விடை இதுதான். 1552இன் கொள்ளையை இன்று எவரும் மறுக்க முடியாதிருப்பது எதனால்? அதைப் பதிந்த மரபு, தன்னவரின் தீயையும் மறைக்காத மரபு என்பதால். தன் வீட்டுக் குற்றத்தை விழுங்கிவிட்டு அயலான் குற்றத்தை மட்டும் உரைக்கும் சாட்சியை எந்த மன்றமும் பாதியளவுகூட நம்பாது. முப்பது ஆண்டுகள் செய்தித்தாளில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதிரியின் பெயரை எழுதுவதற்கும் துணிவு வேண்டும், நம்மவனின் பெயரை எழுத அதைவிடப் பெருந்துணிவு வேண்டும். அந்தத் துறவிகளிடம் அது இருந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. முழுவதும் ஐரிஷ் மொழியில் எழுதப்பட்டு எஞ்சியுள்ள கையெழுத்து நூல்களுள் மிகப் பழையதை எழுதியவர்களுள் ஒருவராக அறியப்படுபவர் மேல் முரே. 1106இல் அவர் நான் நின்ற அதே தேவாலயத்தின் நடுவில் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் கொள்ளையர் என்றே குறிப்பு கூறுகிறது. எந்த இனத்தவர் என்று கூறவில்லை. தெரிந்ததை எழுதினார்கள், தெரியாத இடத்தில் வசதியான ஒரு பகைவனைச் செருகவில்லை.

மேல் முரேயின் நூல் டப்ளினில் பத்திரமாக இருக்கிறது. அவர் வீழ்ந்த தேவாலயத்துக்குத்தான் கூரையில்லை. கற்களைக் காக்க முடியாமற் போனவர்கள் உண்மையைக் காத்துச் சென்றிருக்கிறார்கள். அதையும் 'வைக்கிங்குகள்' என்ற ஒற்றைச் சொல்லால் நாம் இடித்துவிடலாகாது.