டிராக்டர் பார்க்க எங்களையும் கூட்டிப் போங்க!

புடவைக் கடைக்கு வந்தால் 'இந்தக் கலர் வேணாம், அதை எடு' என்று ஆயிரம் யோசனை சொல்லும் ஆண்கள், டிராக்டர் வாங்கும்போது மட்டும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. முன்பணத்துக்கு பேங்கில் போய் உட்காருவது மட்டும் நம் வளையலும் செயினும்!

ஜீயபுரம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். பெரும்பகுதி பூவன் வாழை, மிச்சத்தில் நெல். போன வருஷம் டிராக்டர் பேச்சு எழுந்ததும், "45 ஹெச்.பி. வாங்கினாத்தான் ஊர்ல மரியாதை" என்றார் கொழுந்தனார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். "நகை என்னோடது, நானும் வர்றேன்" என்று கிளம்பி விட்டேன். கையில் தையல் மிஷின் டிராயரில் கிடந்த இஞ்ச் டேப்.

திருச்சி கடையில் விற்பனையாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பாட்டுக்கு வண்டியை அளந்தேன். வாழைக்கு நாங்கள் விடும் இடைவெளி 7 அடி. பெரிய டிராக்டரின் அகலமே 6 அடியை நெருங்குகிறது. எடை 2 டன் வாக்கில். தார் விட்ட மரங்களுக்கு நடுவில் அது எப்படிப் போய்த் திரும்பும்? ஆற்றுப் படுகை ஈர மண்ணும் இறுகிப் போகுமே! 15 ஹெச்.பி. மஹிந்திரா யுவராஜ், 21 ஹெச்.பி. குபோட்டா நியோஸ்டார் போன்ற மினி டிராக்டர்கள் ஏறக்குறைய மூன்றரை அடிதான். எடை ஒரு டன்னுக்கும் கீழே. சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், கிளட்ச் என் காலுக்கு எட்டியது.

கொழுந்தனார் இதற்கு 'பொம்மை வண்டி' என்று பேர் வைத்தார். மினியால் எல்லாம் முடியாது என்பது நிஜம்தான். நெல்லுக்குச் சேற்றுழவு என்றால் பெரிய வண்டிதான் சௌகரியம். ஆனால் அது எங்கள் வயலுக்கு வருஷத்தில் சில மணி நேர வேலை. 'உழவன்' செயலியில் பதிந்தால் வேளாண் பொறியியல் துறை டிராக்டரே வாடகைக்கு வருகிறது. அதற்காகப் பெரிய வண்டியைக் கடனில் வாங்கி மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிறுத்துவது, கல்யாண அண்டாவை வாங்கி தினமும் அதில் ரசம் வைப்பது மாதிரி.

இன்னொன்றும் கேளுங்கள், தோழிகளே... ரிப்பேர் என்றால் மெக்கானிக் உள்ளூரிலிருந்து வருவாரா, இல்லை வெளியூரிலிருந்து வரும் வரை காத்திருக்கணுமா? விலையைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

2014-15ல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண்களுக்கும், சிறு, குறு விவசாயிகளுக்கும் 50 சதவீதம் வரை மானியம், மற்றவர்களுக்கு 40. இதற்கு உச்சவரம்பு உண்டு. வாங்கும் முன்பே வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பிக்கணும். மானியத்துக்காக நம் பேரில் வண்டி வாங்கும் வீடுகள் நிறைய. தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் பட்டாவில் நம் பேர் இருக்கிறதா என்று அன்றைக்கே கேட்டு விடுங்கள். ஆர்.சி. புத்தகம் நம் பீரோவில் இருக்கட்டும். சாவி, நம் கைக்கு எட்டும் ஆணியில் தொங்கட்டும்.

— ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.