பையை மெஷின்ல போடாதீங்க சாமி!

ஸ்கூல் பேக்கோ லேப்டாப் பேக்கோ, ஞாயித்துக்கிழமை ஆனா வாஷிங் மெஷினுக்குள்ள திணிச்சிடுறாங்க நம்ம மக்கள். அப்புறம் "ஒரு வருஷம்கூட உழைக்கல, டூப்ளிகேட் மால்"னு கடைக்காரரைத் திட்டுறது! மெஷின் பின்ன எதுக்குங்கறீங்களா? துணிக்குங்க.

நிறைய பைகள்ல உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். மழைத்தண்ணி உள்ள இறங்காம தடுக்கிறது அதுதான். சுடுதண்ணியும் மெஷினோட முறுக்கலும் சேர்ந்தா அது உரிய ஆரம்பிச்சிடும். நோட்டு மேல செதில் செதிலா ஒட்டியிருக்கே, அது அழுக்கில்ல, பையோட ஆயுசு. தோள்பட்டை ஸ்பாஞ்சும் கசங்கிப் போனா வலி யாருக்கு? சுமக்கிற புள்ளைக்கு. மத்திய அரசோட 2020 பள்ளிப்பைக் கொள்கையே மெத்துன்னு ரெண்டு பட்டை வேணும்னு சொல்லுது. நாம அதைத்தான் மெஷின்ல போட்டு நசுக்கறோம்.

எல்லா ஜிப்பையும் தொறந்து தலைகீழா தட்டுங்க. பென்சில் துருவல், முறுக்குத்தூள், போன வருஷ பஸ் டிக்கெட் எல்லாம் கொட்டும். பச்சைத்தண்ணியில ஒரு துளி ஷாம்பு, கையில பழைய டூத் பிரஷ். பட்டையும் முதுகுப்பக்கமும் நல்லா தேய்ங்க, வேர்வை உப்பு அங்கதான் இருக்கு. பிளீச்சிங் பக்கமே போகாதீங்க. தலைகீழா நிழல்ல தொங்க விடுங்க. மொட்டைமாடி வெயில்ல நாள் கணக்கா கிடந்தா நைலான் உளுத்துப் போகும். ஜிப் இறுகினா மெழுகுவர்த்தித் துண்டால ஒரு இழுப்பு.

மொத்தமே அரைமணி நேர வேலை. இதையும் அம்மா தலையிலயே கட்டணுமா? எட்டாங்கிளாஸ் பையனுக்கு பிரஷ் பிடிக்கத் தெரியாதா என்ன!