கணக்கைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். எல்லோரும் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தைத் தில்லி வாழ் தமிழ்க் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

347-இலிருந்து 189-ஐக் கழி என்றால் இந்தப் பிள்ளைகள் தயங்காமல் கழித்து விடுகிறார்கள். அதையே மூன்று வரி வாக்கியமாகக் கொடுத்தால் பென்சில் நின்று விடுகிறது. "அங்கிள், இதுல கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று நம் முகத்தைப் பார்க்கிறார்கள். பள்ளியில் 'ஸ்டேட்மென்ட் சம்' என்றும் 'வேர்ட் பிராப்ளம்' என்றும் சொல்லும் வாக்கியக் கணக்குதான் அவர்களுக்குப் பூதமாகத் தெரிகிறது.

இதைப் பெற்றோர் இரண்டு வகையில் சமாளிக்கிறார்கள். ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்கள் பொறுமையிழந்து தாமே போட்டுக் கொடுத்து விடுகிறார்கள். "எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது" என்று தயங்கும் தாய்மார்கள், ஏழு வயதுக் குழந்தையை டியூஷனுக்கு அனுப்பி விடுகிறார்கள். அங்கே பல இடங்களில் ஒரு குறுக்குவழி கற்றுத் தருகிறார்கள்: 'ஆல்டுகெதர்' வந்தால் கூட்டு, 'லெஃப்ட்' வந்தால் கழி, 'மோர்' வந்தால் கூட்டு (நாம் குடிக்கும் மோர் அல்ல!).

இந்தக் குறுக்குவழி எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். ரவியிடம் 8 கோலிகள் இருக்கின்றன, சீதாவிடம் இருப்பதைவிட அவனிடம் 3 அதிகம், சீதாவிடம் எத்தனை? ஆங்கிலத்தில் இதைப் படிக்கும் குழந்தை, 'மோர்' என்ற சொல்லைக் கண்டதும் 8-ஐயும் 3-ஐயும் கூட்டி 11 என்று எழுதுகிறது. புத்தகத்தை மூடிவிட்டு, "யார்கிட்ட ஜாஸ்தி இருக்கு?" என்று தமிழில் கேட்டால் "ரவிகிட்ட" என்கிறது. "அப்ப சீதாகிட்ட?" என்றால் ஒரு கணம் யோசித்து "அஞ்சு" என்கிறது. அந்தக் குழந்தைக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். வாக்கியம்தான் விளங்கவில்லை.

ஆங்கிலம் மட்டுமே காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? இதற்கு விடையே கிடையாது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் அந்த இரண்டு எண்களை வைத்து ஏதோ ஒரு விடையை எழுதிக் கொடுத்தார்கள். தங்கள் நாட்டு மொழியில் கேட்கப்பட்ட கணக்கிலேயே அப்படி என்றால், வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் நம் பிள்ளைகளின் பாடு எப்படி இருக்கும்?

கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்குகளைத் தீர்க்கும் முறை பற்றி 1945-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் சொல்லும் நான்கு படிகளில் முதலாவது, கணக்கைப் புரிந்துகொள்வது. புரிந்ததா என்று அறிய, அதைச் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்வதே நல்ல வழி. ஏழு வயதுக் குழந்தைக்குச் சொந்த வார்த்தை எது? அம்மாவிடம் தோசை கேட்கும் மொழிதான், தம்பியோடு சண்டை போடும் மொழிதான்.

இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. ஆனால் வகுப்புக்கு ஒன்றிரண்டு தமிழ்ப் பிள்ளைகளே இருக்கும் தலைநகர்ப் பள்ளியில் இது எப்படி நடக்கும்? நம் வீட்டில்தான் நடக்க வேண்டும்.

"பரீட்சை இங்கிலீஷில்தானே?" என்று கேட்பீர்கள். ஆம். ஆகவே குழந்தை முதலில் கணக்கை ஆங்கிலத்திலேயே படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கதையைத் தமிழில் சொல்லட்டும். எண்கள் மறந்தால் பாதகமில்லை. யாரிடம் என்ன இருந்தது, என்ன ஆயிற்று, எதைக் கேட்கிறார்கள் என்பது வந்தால் போதும். தேவைப்பட்டால் பொத்தானோ புளியங்கொட்டையோ வைத்துப் பார்க்கட்டும். கடைசியில் விடையை ஆங்கிலத்தில் எழுதட்டும். பென்சில் மட்டும் குழந்தையின் கையிலேயே இருக்க வேண்டும்.

விடை வந்ததும் அது கதைக்குப் பொருந்துகிறதா என்று கேளுங்கள். பொங்கல் விழாவுக்கு 14 பேர் போகிறோம், ஓர் ஆட்டோவில் 3 பேர், எத்தனை ஆட்டோ வேண்டும்? வகுத்தால் ஈவு 4, மீதி 2. அப்படியே எழுதி வைக்கும் பிள்ளையிடம், "அந்த ரெண்டு பேர் எப்படி வருவாங்க?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே 5 என்று திருத்தும். அதே 14 முறுக்கைப் பொட்டலத்துக்கு 3 வீதம் கட்டினால், முழுப் பொட்டலம் 4-தான். வகுத்தல் ஒன்றே, விடையைக் கதைதான் தீர்மானிக்கிறது.

தமிழ்ப் பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் குழந்தைக்கு ஹிந்திதான் சரளம் என்றால் கதையை ஹிந்தியில் சொல்லட்டும். ஆனால் எண்களைப் பொறுத்தவரை தமிழ் ஒரு சலுகை தருகிறது. ஹிந்தியில் 29 'உன்தீஸ்', 35 'பைந்தீஸ்' என்று நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு பெயரையும் தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். 'முப்பத்தைந்து' என்னும்போது முப்பதும் ஐந்தும் தனித்தனியே காதில் விழுகின்றன.

ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று டி.வி. முன்னால் உட்கார வைத்து விடுகிறோம். நாலு உழக்கு ஒரு படி என்று காலமெல்லாம் அளந்தவர் அவர். பேரன் கணக்கைத் தமிழில் சொல்ல, பாட்டி கேட்கட்டும். புரியவில்லை என்று அவர் இரண்டு முறை கேட்டால் இன்னும் நல்லது. சொல்லிப் புரியவைக்கும்போதுதான் பேரனுக்கே தெளிவு பிறக்கும்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும் இடங்களில், வாரம் பதினைந்து நிமிடம் அவர்களுடைய பள்ளிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, ஒரே ஒரு கணக்கைத் தமிழில் கதையாகச் சொல்ல வையுங்கள். தமிழ் பண்டிகைக்கும் பாட்டுக்கும் மட்டும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, அதனால் யோசிக்கவும் முடியும் என்பது அங்கே தெரிய வரும்.