மணலை விற்று நீரை வாங்கும் மடமை



தாய்ப்பாலை விற்றுவிட்டு, அந்தக் காசில் தவிட்டுக் கஞ்சி வாங்கித் தன் பிள்ளைக்கு ஊட்டும் தாய் எங்கேனும் உண்டா? இரக்கமற்ற பேய்க்கும் அப்படியோர் எண்ணம் வாராது. ஆனால் கொங்கு நாட்டில் ஆட்சியாளர்க்கு அவ்வெண்ணம் வந்திருக்கின்றது. மணலையும் சரளையையும் செம்மண்ணையும் அள்ளி விற்ற அதே கை, இன்று குழாய் வழியே நீர் கொணர்ந்து வறண்ட நிலத்தில் ஊற்றுகின்றது.

2024-ஆம் ஆண்டு ஆகத்து 17-ஆம் நாள் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பெற்றது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொங்கு உழவர் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்ட திட்டம் அது. பவானி எனப்படும் வானியாற்றில், காலிங்கராயன் அணைக்குக் கீழே வழிந்தோடும் மிகைநீரில் ஆண்டுக்கு 150 கோடி கன அடியை எடுத்து, 6 நீரேற்று நிலையங்களின் வழியே மேட்டுக்கு ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 ஏரி, குளம், குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். செலவு 1,916 கோடி உருபா. வற்றிப்போன நிலத்தடி நீரை மீட்கும் இம்முயற்சியை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஒன்று கேட்கின்றோம்: ஊற்றுகின்ற நீர் எதில் தங்கும்?

கொங்கு நிலம் பாறை நிலம். மேற்குமலையின் மழைமறைவில் கிடக்கும் நிலம். மேலே சிறிதளவே மண். அதன்கீழ்ச் சரளையும் சிதைந்த பாறையும். அதற்கும் கீழே கரும்பாறை. பாறையின் வெடிப்புகளில் ஒளிந்திருக்கும் நீர் மிகச் சிறிது. நீரைத் தாங்கும் களஞ்சியம் மேலே உள்ள மெல்லிய அடுக்கும், ஆறு ஓடைகளின் மணற்படுகையுமே. 100 குடம் மணலுக்குள் ஏறத்தாழ 25 குடம் நீர் தங்கும். கதிரவனும் அதனை எளிதிற் குடித்துவிட முடியாது. அம்மணலை அள்ளிவிட்டால் வெள்ளம் நிற்காமல் ஓடிவிடும். படுகை ஓராள் ஆழம் தாழ்ந்தால், கரையோரக் கிணற்று நீரும் அப்பள்ளத்தை நோக்கி வடியும். களஞ்சியத்தை இடித்துவிட்டு நெல்லை மட்டும் வண்டி வண்டியாகக் கொணர்ந்தால் அதனை எங்கே கொட்டுவது?

அள்ளிய மணல் அடுத்த வெள்ளத்தில் வந்துவிடும் என்பார் சிலர். 1934-இல் மேட்டூர் அணையும், 1955-இல் பவானிசாகர் அணையும் கட்டி முடிந்தபின், மலையிலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அணைகளிலேயே தங்கிவிடுகின்றது. கீழே அள்ளியது அள்ளியதுதான்!

நம் முன்னோர் நீரியல் அறியாதவரா? 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வானியாற்றின் குறுக்கே அணை கட்டி, எந்திரம் எதுவுமின்றி, நிலத்தின் சரிவையே துணையாகக் கொண்டு நொய்யல் வரை வாய்க்கால் வெட்டினான். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலாம் காஞ்சியாற்றில் அணைக்கட்டுகளை நிரலாக அமைத்து, குறிச்சி, உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் எனக் குளத்துக்குக் குளம் நீர் இறக்கினர் கொங்கு மக்கள். ஆற்றில் மணலும் குளத்தில் நீரும் இருந்தமையாற்றான் கிணறுகள் ஊறின.

இன்றைய நிலை யாது? கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் செங்கற் சூளைகளுக்காகச் செம்மண் வெட்டினர். ஓடைகள் நடந்த நிலத்தில் பெருங்குழிகள் வாய்பிளந்தன. 180-க்கும் மேற்பட்ட சூளைகள் 2021 மார்ச்சுத் திங்களில் மூடப்பட்டன. சூளையை ஓர் ஆணையால் மூடலாம். வெட்டி எரித்த மண்ணை எந்த ஆணையால் மீட்பது?

1957-இல் தில்லி இயற்றிய கனிமச் சட்டம் கட்டடக் கல்லையும் சரளையையும் மணலையும் ‘சிறு கனிமம்’ என்றது. எது சிறியது? வள்ளுவப் பேராசான் கல்விக்கு உவமை தேடியபோது மணலிற் சுரக்கும் கேணியைத்தான் காட்டினார். தமிழன் அறிவுக்கே அளவுகோலாக்கிய மணல், தில்லிக்குச் சிறு கனிமமாம்! ஆயினும் தில்லியை மட்டும் ஏசிவிட்டு நாம் தப்ப முடியாது. அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சிறு கனிமங்கட்கு விதி வகுக்கும் உரிமையை மாநில அரசின் கையிலேயே கொடுத்திருக்கின்றது. காப்பதற்குக் கிடைத்த உரிமையை விற்பதற்குப் பயன்படுத்தியோர் தமிழில் பேசி வாக்குக் கேட்டோரே!

2003-ஆம் ஆண்டை நினைந்து பாருங்கள். அவ்வாண்டிற்றான் வீடுதோறும் மழைநீரைச் சேர்த்து நிலத்துள் இறக்கும் அமைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டிற்றான் நிலத்தடி நீரைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டிற்றான் ஆற்றுமணல் எடுப்பதை அரசே தன் பொதுப்பணித்துறை வழியே மேற்கொண்டது. கூரைநீரைத் துளித்துளியாய்ச் சேர்க்கச் சொன்ன வாய், ஆற்றுமணலைச் சுமையுந்து சுமையுந்தாய் ஏற்றச் சொன்னது! நிலத்தடி நீர்ச் சட்டமோ நடைமுறைக்கு வாராமலே 2013-இல் நீக்கப்பட்டது.

“வீடு கட்ட மணல் வேண்டாமா? ஆற்றுமணலுக்கு மாற்றாகப் பாறையை உடைத்துத்தானே மணல் செய்கின்றோம்?” என்பர். உடைக்கலாம், ஆனால் அதற்கும் அளவு உண்டு. நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே இறங்கும் கற்குழி அண்டைக் கிணற்று நீரைத் தன்பால் இழுக்கும். அந்நீரை எந்திரத்தால் இறைத்து வெளியே கொட்டினாற்றான் மேலும் வெட்ட முடியும். மதுக்கரையிலும் கிணத்துக்கடவிலும் கல் விற்றவன் ஊதியம் கணக்கில் உண்டு. நீர் இழந்த உழவன் இழப்புக்குக் கணக்கு எங்கே? கனிம நிலங்களுக்கு வரி விதிக்க 2024-இல் தனிச் சட்டம் செய்யத் தெரிந்த அரசுக்கு, குழியால் வடிந்த நீரை அளக்க மட்டும் தெரியாதா?

ஆகவே நாம் வலியுறுத்துவன இவை: அந்த 1,045 நீர்நிலைகளுக்கு நீர் கொணரும் ஓடைகளிலும் பள்ளங்களிலும் ஒரு கூடை மண்ணும் எடுக்கலாகாது. குழி தோண்டியவனே தன் செலவில் ஓடையை மீட்டுத் தரல் வேண்டும். நீர்மட்டத்திற்குக் கீழே கல்வெட்டும் உரிமை எவர்க்கும் வழங்கலாகாது. நிலத்தடி நீர்ச் சட்டம் மீண்டும் எழுதப்படல் வேண்டும். எழுதியதோடு நில்லாமல் நடைமுறைக்கும் வரல் வேண்டும்.

உழவர் தோழரே! ஊரவை கூடும் நாளில் வெறும் கையொப்பமிட்டுத் திரும்பாதீர். நம் ஊரெல்லைக்குள் எத்தனைக் குழி, எத்தனை அடி ஆழம், எவர் இசைவு என்று எழுந்து கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்குங்கள். குழாயில் வரும் நீர் வானியாற்றில் மிகைநீர் உள்ளவரைதான் வரும். மண் தாங்கும் நீரே நம் மக்களுக்கு நிலைத்த நீர். மண்ணைக் காவாதவன் மொழியைக் காப்பேன் என்பது வெற்றுரை. அம்மொழி பேசும் வாய்க்கு முதலில் நீர் வேண்டும்!