விற்கவே மாட்டேன்னு சொல்ற ஆம்ப்புக்கு ரீசேல் வேல்யூ எவ்வளவு?



கிட்டார் வாசிக்கிறவங்க நாலு பேர் ஒரு இடத்துல சேர்ந்தா இந்தக் கேள்வி எப்படியும் வந்துடும்: "எதை வேணா விற்பேன், இதை மட்டும் தர மாட்டேன்னு நீ சொல்ற ஆம்ப் எது?" ஒருத்தர் வாக்ஸ் ஏசி30ம்பார். இன்னொருத்தர் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப். மூணாவது ஆளுக்கு மார்ஷலைத் தவிர வேற எதுவும் ஆம்ப்பே கிடையாது. விடிய விடிய சண்டை நடக்கும். எது நல்ல டோன்ங்கிற அந்தச் சண்டைக்குள்ள நான் வரல. நம்ம வேலை பணக் கணக்கு, அதை மட்டும் பார்ப்போம்.

கிட்டார் வாசிக்காதவங்களுக்கு ஒரு வரி. எலெக்ட்ரிக் கிட்டாரைத் தனியா மீட்டினா பக்கத்து ரூமுக்குக்கூடக் கேட்காது. ஆம்ப் வெறும் ஸ்பீக்கர் பெட்டி கிடையாது, வாத்தியத்துல பாதி அதுதான். அதனாலதான் கிட்டாரை மாத்தினாலும் ஆம்ப்பை மாத்தாத ஆட்கள் நிறைய.

இப்போ என் கருத்து. ஒரு பொருளை நீங்க விற்கவே போறதில்லன்னா, அதோட ரீசேல் வேல்யூ உங்களைப் பொறுத்தவரை பூஜ்யம். சந்தையில அதுக்கு ரெண்டு லட்சம் விலை இருக்கலாம். அந்தப் பணம் உங்க அக்கவுண்டுக்கு என்னிக்கும் வரப்போறதில்லையே! அதனால வாங்குற அன்னிக்கே அதைப் பூஜ்யம்னு எழுதிடுங்க. அப்படி எழுதின பிறகும் உங்களால தாங்க முடியுதா? தாராளமா வாங்குங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா போனஸ் வர்ற மாசத்துல எனக்கு வர்ற மெசேஜ் வேற மாதிரி இருக்கு. "இது செலவு இல்ல ப்ரோ, இன்வெஸ்ட்மென்ட். விலை ஏறிக்கிட்டே போகும். எப்போ வேணா வித்துக்கலாம்." சரி, எப்போ விற்பீங்கன்னு கேட்டா, "சேச்சே, அதை யாராவது விற்பாங்களா?"

ரெண்டும் ஒரே வாயில வருது பாருங்க, அங்கதான் பிரச்சினை.

50 டாலர் ஆம்ப்

விற்காத ஆம்ப்புக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் நீல் யங். 1959ல தயாரான ஒரு ஃபெண்டர் டீலக்ஸை 1967ல சுமார் 50 டாலருக்கு வாங்கினார். செகண்ட் ஹேண்ட்தான். ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், 15 வாட் பக்கம் பவர், மேல டுவீட் துணி ஒட்டின சின்னப் பெட்டி. விலைவாசி ஏறினதைக் கணக்குல எடுத்தா அந்த 50 டாலர் இன்னிக்கு 450 டாலர் பக்கம் வரும். ராக் இசையில ஒரு பெரிய ஆளோட ஒலிக்கு அடையாளமான கருவி, நம்மில் பலர் கையில இருக்கிற போன் விலைதான்.

அதே மாடல்ல வேற நிறைய ஆம்ப் வாங்கிப் பார்த்தார். எதுவும் அது மாதிரி ஒலிக்கலன்னு அவரே சொல்லியிருக்கார். மேடையில பாட்டுக்குப் பாட்டு செட்டிங் மாத்தணுமே, அதுக்காக ஆம்ப்போட உள்பாகத்துல யாரையும் கை வைக்க விடல. வால்யூம், டோன் குமிழ்களை மோட்டார் வெச்சுத் திருப்புற ஒரு தனிக் கருவியைச் செஞ்சு மேல மாட்டினாங்க. அதுக்குப் பேரு விஸ்ஸர். காலால ஸ்விட்சை மிதிச்சா குமிழ் தானாத் திரும்பும். பெட்டியைவிட பெட்டிக்குச் செஞ்ச மரியாதைக்குத்தான் அதிகம் செலவாகியிருக்கும்னு எனக்குத் தோணும்.

இதைவிட எனக்குப் பிடிச்ச கதை குவீன் குழுவோடது. பாஸ் கிட்டார் வாசிச்ச ஜான் டீக்கன் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவர். 1970களின் தொடக்கத்துல, தெருவுல குப்பைத் தொட்டியில கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துட்டு வந்து, ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள பொருத்தி ஆம்ப்பாக்கினார். 9 வோல்ட் பேட்டரியில ஓடும். வால்யூம் குமிழ்கூடக் கிடையாது. அதை பிரையன் மே எடுத்துக்கிட்டார். 1975ல வந்த 'குட் கம்பெனி' பாட்டுல ஒரு முழு ஜாஸ் பேண்டே வாசிக்கிற மாதிரி கேட்கும். அதெல்லாம் கிட்டாரும் இந்தக் குப்பைத் தொட்டி ஆம்ப்பும்தான். மேடையில அவருக்குப் பின்னாடி வரிசையா வாக்ஸ் ஏசி30 நிற்கும். ஆனா ரெக்கார்டிங்ல இந்தக் குட்டிப் பெட்டிக்குன்னு ஒரு தனி இடம் உண்டு. ஆசைப்படுறவங்களுக்காக இதோட பிரதிகளைக்கூடச் செஞ்சு விற்றாங்க.

வாங்கும்போது இந்த ரெண்டு ஆம்ப்புக்கும் 'இன்வெஸ்ட்மென்ட்'னு யாரும் பேர் வைக்கல. வாசிச்சாங்க, கையோட ஒட்டிக்கிச்சு.

"ஆனா விலை ஏறுதே?"

ஏறுது, மறுக்கல. அலெக்ஸாண்டர் டம்பிள்னு ஒரு அமெரிக்கர், 2022ல காலமானார். வாழ்நாள்ல கையால செஞ்சது சுமார் 300 ஆம்ப்தான். இன்னிக்கு ஒண்ணொண்ணும் ஒரு லட்சம் டாலருக்கு மேல விலை பேசப்படுது. டேவிட் கில்மோர் 1970ல கடையில வாங்கின கருப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார், 2019ல கிறிஸ்டிஸ் ஏலத்துல 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போச்சு. அந்த ஏலத்துல வந்த 2 கோடி டாலருக்கும் மேலான மொத்தப் பணத்தையும் அவர் சூழலியலுக்காக வழக்காடுற ஒரு அமைப்புக்குக் கொடுத்துட்டார்.

இதுல நம்ம ஆட்கள் கவனிக்காத விஷயம் ஒண்ணு. அந்த விலை மரத்துக்கும் கம்பிக்கும் கிடைக்கல, கில்மோர்ங்கிற பேருக்குக் கிடைச்சது. அதே வருஷம், அதே ஃபேக்டரி, அதே நிறம், ஆனா என் பேரோ உங்க பேரோ இருந்தா பேச்சே வேற. டம்பிளோ, அபூர்வம்ங்கிறதால ஏறினது. நீங்க இன்னிக்குக் கடையில வாங்கற புது ஆம்ப் அபூர்வம் கிடையாது, பார்சலைப் பிரிச்ச நிமிஷமே விலை இறங்கிடும்.

டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்புக்கு இது இன்னும் வேகமா நடக்கும். பாஸ் கட்டானா நல்ல ஆம்ப், புதுசா கத்துக்கிறவங்களுக்கு நானே சிபாரிசு பண்ணுவேன். ஆனா 2019ல இரண்டாம் பதிப்பு, 2024ல மூணாம் பதிப்புன்னு வந்துக்கிட்டே இருக்கு. புது பதிப்பு வந்ததும் பழசோட செகண்ட் ஹேண்ட் விலை என்னாகும்னு போன் வாங்கி விற்ற யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். இன்னொரு பக்கம் ரோலண்ட் ஜேசி-120ஐப் பாருங்க. 1975ல வந்தது. ட்யூப் கிடையாது, முழுக்க டிரான்சிஸ்டர். ரெண்டு 12 இன்ச் ஸ்பீக்கர், உள்ளேயே கோரஸ் எஃபெக்ட், 50 வருஷமா கிட்டத்தட்ட அதே முகம். நம்ம வீட்டுல அம்மா கல்யாணத்துக்கு வந்த சுமீத் மிக்ஸி மாதிரி. ஸ்டைல் போச்சுன்னு யாரும் தூக்கிப் போடல.

மாத்திக்கிட்டே இருக்கிறதோட விலை

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். முதல் ஆம்ப் 12,000 ரூபாய், ரெண்டு வருஷத்துல 7,000க்கு விற்கிறீங்க. அடுத்தது 25,000, விற்கிறது 15,000. அதுக்கடுத்து 40,000, விற்கிறது 26,000. மொத்த நஷ்டம் 29,000. இதுக்கப்புறம்தான் ஆரம்பத்துலயே ஆசைப்பட்ட 60,000 ரூபாய் ஆம்ப்பை வாங்குறீங்க. நடுவுல இருந்த ரெண்டையும் தாண்டி, 12,000 ரூபாய் ஆம்ப்லயே ஆறு வருஷம் வாசிச்சிருந்தா 24,000 மிச்சம். அதுக்குள்ள உங்களுக்கு எந்த ஒலி வேணும்னு காதும் பழகியிருக்கும்.

"அந்த 60,000ஐ எஸ்ஐபில போட்டிருந்தா"ன்னு ஒருத்தர் வருவார். வரட்டும். வருஷம் 12% கிடைச்சா (கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல), 15 வருஷத்துல அது சுமார் 3.28 லட்சம். கணக்கு சரிதான். ஆனா அதே கணக்கைப் போட்டா நீங்க கல்யாணத்துக்கும் போகக் கூடாது, பிரியாணியும் சாப்பிடக் கூடாது. நான் பார்க்கிறது வேற கணக்கு. 60,000ஐ 15 வருஷத்துக்குப் பிரிச்சா வருஷம் 4,000. பராமரிப்புக்கு 2,000 சேர்த்தா 6,000. வாரம் மூணு மணி நேரம் வாசிச்சா ஒரு மணி நேரத்துக்கு 38 ரூபாய். மாசம் மூணு மணி நேரம்தான் வாசிக்கிறீங்கன்னா அது 167 ரூபாய் ஆயிடும். வாங்கலாமா வேணாமாங்கிறதை இந்த எண் சொல்லிடும், பிராண்டு பேர் சொல்லாது.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தியும் சொல்லிடறேன். கிரெடிட் கார்டுல வட்டியைத் தள்ளுபடியாக் கழிச்சுக் காட்டுவாங்க, ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான். 60,000 ரூபாய், 12 மாசம், வட்டி 15%னு வெச்சா ஜிஎஸ்டி மட்டும் 800 ரூபாய்க்கு மேல. பிராசஸிங் ஃபீ தனி. பெரிய தொகை இல்லதான். ஆனா பேருல இருக்கிற மாதிரி 'நோ காஸ்ட்' கிடையாது.

விற்க மாட்டேன்னு சொல்ல ஒரு தகுதி வேணும்

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, ஐடி வேலை. ரெண்டு வருஷம் சேர்த்து ஒரு ட்யூப் ஆம்ப் வாங்கினான். "சாகுற வரைக்கும் இது என்கூடத்தான்"னு ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டான். ஒரு வெள்ளிக்கிழமை வேலை போச்சு. கையில ஒரு மாசச் செலவுக்குத்தான் பணம். இன்னொரு பக்கம் பிஜி வாடகை, ஊர்ல அப்பாவோட மருந்து. மூணாவது வாரம் ஆம்ப்பை விற்றான், வாங்கின விலையில பாதிகூட வரல. அவசரத்துல விற்கிறவன் முகத்தைப் பார்த்தாலே வாங்குறவனுக்குத் தெரிஞ்சுடும். நாலு மாசத்துல வேற வேலை கிடைச்சது. ஆம்ப்பை வாங்கினவர் திருப்பித் தரல, ஏன் தரணும்?

இந்த விஷயத்துல எனக்குச் சமரசமே இல்ல. ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், பெத்தவங்களுக்கும் சேர்த்து ஹெல்த் இன்ஷூரன்ஸ். இந்த ரெண்டும் இருந்தா மட்டும்தான் "விற்க மாட்டேன்"ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் இருக்கு. நீல் யங் அந்த டீலக்ஸை இத்தனை வருஷம் வெச்சிருக்க முடிஞ்சதுன்னா, பாசம் மட்டும் காரணமில்ல. விற்க வேண்டிய நிலைமை அவருக்கு வரல. நமக்கு அப்படி ஒரு நிலைமை வராமப் பார்த்துக்கறது லிக்விட் ஃபண்டுலயும் எஃப்டிலயும் தூங்கிக்கிட்டு இருக்கிற அந்த போரடிக்கிற பணம்தான்.

வாங்குறதா முடிவு பண்ணிட்டா சில நடைமுறை விஷயம். ட்யூப்ங்கிறது வால்வு ரேடியோ காலத்துச் சரக்கு, தேய்ஞ்சு போகும், மாத்தணும். ஏசி30ல பவர் ட்யூப் மட்டுமே நாலு. உலகத்துக்கே ட்யூப் செய்யறது ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனான்னு மூணு நாலு நாட்டு ஃபேக்டரிகள்தான். 2022ல ரஷ்யச் சரக்கு தடைபட்டப்போ விலை எகிறுச்சு. பழைய ஆம்ப்னா கெப்பாசிட்டரும் காய்ஞ்சு போயிருக்கும், அது தனிச் செலவு. அமெரிக்காவுல இருந்து மச்சான் கொண்டு வர்றார்னா முதல்ல வோல்டேஜைப் பாருங்க. அங்க 120, நமக்கு 230. நேரா பிளக்ல சொருகினா புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். எடை வேற. ஜேசி-120 மட்டுமே 28 கிலோ, லிஃப்ட் இல்லாத மூணாவது மாடியில இருக்கிறவங்க யோசிச்சுக்கோங்க. வேளச்சேரி 1பிஹெச்கேல 100 வாட் மார்ஷல் வெச்சா ஹவுஸ் ஓனர் அட்வான்ஸைக் கையில கொடுத்துடுவார். 5 வாட் ட்யூப் ஆம்ப்பே அபார்ட்மென்ட்டுக்கு அதிகம்.

வரி பத்தி அடிக்கடி கேட்கிறீங்க. சொந்தமா வாசிக்க வெச்சிருக்கிற ஆம்ப்பை ஒருவேளை லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி வராது. அது சொந்த உபயோகப் பொருள். நகையும் ஓவியமும் இந்தக் கணக்குல வராது. வாங்கி விற்கிறதையே தொழிலாப் பண்ணினா அது வியாபார வருமானம், அதுக்கு வரி உண்டு.

உங்க நெட்வொர்த் ஷீட்ல ஆம்ப், கிட்டார், கேமரா எல்லாம் 'அசெட்'னு உட்கார்ந்திருக்கா? இன்னிக்கே திறந்து, விற்கத் தயாரா இருக்கிறதை மட்டும் விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் 0 போடுங்க. மொத்தம் எவ்வளவு குறையுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அப்படியே உங்களோட அந்த ஒரு ஆம்ப் எதுங்கிறதையும் எழுதுங்க. ஏசி30ன்னு எழுதுறவங்களோட சண்டை போட மார்ஷல் கோஷ்டி எப்படியும் வந்துடும்.